சம்மன் வராமலே டிகிரி: புரோநோட்டு வழக்கில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: "2018 ஜூனில் திண்டுக்கல்லில் தெரிந்தவர் ஒருவரிடம் 3 லட்சம் ரூபாய் வாங்கிப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தேன். 2020-ல் வேலைக்காகத் திருப்பூர் வந்துவிட்டேன். வங்கி மூலம் 1,40,000 ரூபாயும் கையில் 50,000 ரூபாயும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். 2022-ல் வாட்ஸ்அப்பில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதன்பிறகு எந்தத் தகவலும் இல்லை. போன வாரம் நான் வேலை செய்யும் கம்பெனி முகவரிக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் வழக்குப் போட்டு, நவம்பரில் எக்ஸ்பார்ட்டி டிகிரி (நான் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகக் கொடுத்த தீர்ப்பு) வாங்கி, இப்போது என் சம்பளத்தை ஜப்தி செய்யக் கேட்டிருக்கிறார். வட்டி, செலவோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 6 லட்சம். எனக்குச் சம்மனே வரவில்லை. மூன்று வருடம் தாண்டிப் போட்ட வழக்கு செல்லுமா? டிகிரியை ரத்து செய்ய முடியுமா?"

முடியும். நீங்கள் சொன்னதெல்லாம் கோர்ட் கட்டிலும் (வழக்குக் கோப்பிலும்) அப்படியே இருந்தால், நன்றாகவே முடியும். அந்த "இருந்தால்" என்ற சொல்லுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்த வகை மனுக்கள் பல தோற்பதற்குச் சட்டம் காரணமில்லை. கட்டைப் பார்க்காமல் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதுதான் காரணம்.

முதலில் கையில் இருக்கும் நோட்டீஸ். அது நிறைவேற்று மனுவில், அதாவது இ.பி.யில் வந்தது. அதில் ஒரு வாய்தா தேதி இருக்கும். அன்றைக்கு உங்கள் சார்பில் வக்கீல் ஆஜராக வேண்டும். "டிகிரியே செல்லாது, நான் ஏன் போக வேண்டும்" என்று இருந்துவிட்டால் இ.பி.யிலும் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டு ஜப்தி உத்தரவு கம்பெனிக்குப் போய்விடும். இ.பி. நடக்கும் கோர்ட்டில் போய் 1,90,000 கொடுத்த கதையைச் சொல்லியும் பலனில்லை. டிகிரி சரியா தவறா என்று ஆராய நிறைவேற்றும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. டிகிரிக்கு முன்னால் கொடுத்த பணத்தை நிரூபிக்க, டிகிரியை ரத்து செய்து வழக்கைத் திரும்ப உயிர்ப்பிப்பது அல்லது மேல்முறையீடு, இந்த இரண்டுதான் வழி. இ.பி.யில் ஆஜராவது அவகாசம் வாங்குவதற்காக.

சம்பளம் முழுவதும் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-ன்படி, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 25,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் 8,000 வரை பிடிக்கலாம். ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தாகிவிட்டால் அதற்குமேல் அந்த டிகிரிக்குச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. ஆனால் வீடு, நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் அப்புறமும் மிச்சம் இருக்கும். டிகிரியை நிறைவேற்ற வாதிக்கு 12 வருடம் அவகாசம் உண்டு. அதனால் இதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள்.

அந்த நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? போடாமல் இருந்தால் பத்திரமாக வையுங்கள். தபால் முத்திரையோடு அந்த உறைதான் இந்த வழக்கில் உங்களுடைய முதல் ஆவணம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

அடுத்த வேலை கோர்ட் கட்டு. இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ வழக்கு எண்ணையோ பெயரையோ கொடுத்தால் எந்தெந்தத் தேதியில் என்ன நடந்தது என்ற பட்டியல் வரும். அது ஒரு கோடுதான். உள்ளே இருப்பதைப் பார்க்க வக்கீல் மூலம் கட்டைப் பார்வையிட வேண்டும், நகல் மனுப் போட வேண்டும். வழக்குரை, தீர்ப்பு, டிகிரி இவற்றின் நகலை எல்லோரும் கேட்பார்கள். உங்களுக்கு அதைவிட முக்கியமானவை சம்மன் திரும்பி வந்த தாள், அதன் பின்னால் அமீனா (சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கோர்ட் ஊழியர்) எழுதிய குறிப்பு, பதிவுத் தபால் திரும்பி வந்திருந்தால் அந்த உறை, மாற்று வழியில் சார்வு செய்ய (சம்மனை உங்களிடம் சேர்ப்பிக்க) வாதி போட்ட மனு, அதனோடு அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், பத்திரிகை விளம்பரம் வந்திருந்தால் அந்தப் பத்திரிகைப் பக்கம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், "எனக்குச் சம்மன் வரவில்லை" என்பது நான்கைந்து வெவ்வேறு நிலைகளைக் குறிக்கலாம். அமீனா வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இல்லை, உங்களோடு குடியிருக்கும் மனைவியோ அப்பாவோ வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5 விதி 15-ன்படி (வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத கட்டளை, பிரிவு எல்லாம் இந்தச் சட்டத்தில் உள்ளவைதான்) வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுத்தால் அதுவும் சார்வுதான். வேலைக்காரரிடம் கொடுத்தால் ஆகாது. அல்லது "வாங்க மறுத்தார்" என்று எழுதிக் கதவில் ஒட்டியிருக்கலாம். ஒட்டியதற்கு யார் முன்னிலையில், எந்த வீடு, யார் அடையாளம் காட்டினார் என்று அமீனாவின் அறிக்கையில் இருக்க வேண்டும். அல்லது தபால் "இந்த முகவரியில் இல்லை" என்று திரும்பி, அதன்பிறகு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வாதம் வேறு, கெடு வேறு.

என்னிடம் வந்த ஒருவர் அம்மா மேல் சத்தியமாகச் சம்மன் வரவில்லை என்றார். வேறு வக்கீல் வைத்து அப்படியே பிரமாணப் பத்திரமும் போட்டிருந்தார். கட்டைப் பார்த்தால் அவர் மனைவியின் கையெழுத்து இருக்கிறது. வீட்டில் கடன் விஷயமாகச் சண்டை, பயந்துபோய் அந்தம்மா தாளை அலமாரியில் வைத்துவிட்டார். உண்மையில் அவருக்குத் தெரியாது. அதை அப்படியே சொல்லியிருந்தால் "போதிய காரணம்" என்று நீதிமன்றம் ஏற்றிருக்க வாய்ப்பு உண்டு. "வரவே இல்லை" என்று ஒரு வரி எழுதியதால் பொய் சொன்னவர் ஆகிவிட்டார், மனு தள்ளுபடி.

சட்டம் இரண்டே கதவுகளைத்தான் திறந்து வைத்திருக்கிறது. கட்டளை 9 விதி 13. ஒன்று, சம்மன் முறைப்படி சார்வாகவில்லை. இரண்டு, சார்வானது, ஆனால் வழக்கு அழைக்கப்பட்ட நாளில் வர முடியாதபடி போதிய காரணம் இருந்தது. இந்த இரண்டில் ஒன்று நீதிமன்றத்துக்குத் திருப்தியாக இருந்தால் ரத்து செய்தே ஆக வேண்டும். அதே விதியில் ஒரு கொக்கியும் இருக்கிறது. சார்வில் ஒழுங்கீனம் இருந்தாலும், விசாரணைத் தேதி பிரதிவாதிக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்றால், ஒழுங்கீனத்தை மட்டும் காட்டி ரத்து வாங்க முடியாது.

உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் வக்கீல் நோட்டீஸை வைத்து எதிர்த்தரப்பு இந்தக் கொக்கியை மாட்டப் பார்க்கும். பயப்பட வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் சம்மன் ஆகாது. வழக்கு வரலாம் என்று தெரிந்திருப்பது வேறு, இந்தக் கோர்ட்டில் இந்தத் தேதியில் வழக்கு என்று தெரிந்திருப்பது வேறு. ஆனால் அந்த நோட்டீஸை மறைக்காதீர்கள். மனுவில் நீங்களே சொல்லிவிடுங்கள். அது உங்களுக்குத்தான் சாதகம். எப்படி?

உங்கள் வழக்கில் 2023 ஏப்ரலில் தாக்கல், நவம்பரில் டிகிரி. நீங்கள் திண்டுக்கல் வீட்டில் இல்லை. அப்படியென்றால் பெரும்பாலும் பழைய முகவரிக்குச் சம்மன் போய்த் திரும்பி, கட்டளை 5 விதி 20-ன்படி பத்திரிகை விளம்பரம் வந்திருக்கும். இது என் ஊகம், கட்டுதான் சொல்ல வேண்டும். விதி 20-ஐப் பயன்படுத்த, பிரதிவாதி சம்மனைத் தவிர்க்க ஒளிந்துகொள்கிறார் அல்லது வேறு காரணத்தால் வழக்கமான முறையில் சார்வு செய்ய முடியவில்லை என்று நீதிபதி நம்பக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை வாதிதான் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருப்பார், "எவ்வளவு விசாரித்தும் இருப்பிடம் தெரியவில்லை" என்று.

இப்போது பாருங்கள். 2022-ல் உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு நோட்டீஸ் அனுப்பத் தெரிந்தவர் அவர். நீங்கள் 2020-க்குப் பிறகும் அவர் கணக்குக்குப் பணம் போட்டிருந்தால், பேச்சுவார்த்தை இருந்திருக்கிறது. சம்பள ஜப்தி என்றதும் கம்பெனியின் பெயர், முகவரி எல்லாம் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. வழக்குக்குத் தெரியாத முகவரி வசூலுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? இந்த ஒரு கேள்விதான் உங்கள் மனுவின் முதுகெலும்பு. இதை மூன்று பக்கத்துக்கு இழுக்காமல் தேதிவாரியாக, ஆவணத்தோடு வையுங்கள். திருப்பூர் வாடகை ஒப்பந்தம், ஆதாரில் முகவரி மாற்றிய நாள், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, பி.எஃப். அல்லது இ.எஸ்.ஐ. பதிவு, அந்தக் காலத்து வாட்ஸ்அப் உரையாடல். குடிபெயர்ந்தது மட்டும் போதாது, அவருக்குத் தெரியும் என்பதும் தெரிய வேண்டும். பத்திரிகை விஷயத்திலும் ஒன்று கவனியுங்கள். பிரதிவாதி கடைசியாக உண்மையில் குடியிருந்த அல்லது தொழில் செய்த பகுதியில் புழங்கும் நாளிதழில்தான் விளம்பரம் வர வேண்டும். வேறு மாவட்டப் பதிப்பில் வந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

இனி கெடு. பலரும் தடுமாறும் இடம் இது. காலவரையறைச் சட்டம் 1963-ன் அட்டவணையில் கூறு 123: டிகிரி தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறைப்படி சார்வாகவில்லை என்றால், டிகிரி பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். இதோடு ஒரு விளக்கமும் இருக்கிறது: விதி 20-ன்படி மாற்று வழியில் செய்த சார்வு, இந்தக் கூறுக்காக முறைப்படியான சார்வாகக் கருதப்படாது.

கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். விதி 20-ஐப் படித்தால், பத்திரிகை விளம்பரம் நேரில் கொடுத்ததற்குச் சமம் என்கிறது. அதனால்தான் உங்கள் மேல் டிகிரி போட முடிந்தது. ஆனால் ரத்து கேட்டு வரும்போது, 30 நாளை எங்கிருந்து எண்ணுவது என்ற ஒரு விஷயத்துக்கு மட்டும், சட்டம் பத்திரிகை விளம்பரத்தை நம்புவதில்லை. நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை என்று சட்டம் இயற்றியவர்களுக்கும் தெரியும். ஆக விளம்பரம் மூலம்தான் சார்வு என்றால், உங்கள் 30 நாள் கம்பெனிக்கு நோட்டீஸ் வந்த நாளிலிருந்து ஓடுகிறது. அந்த உறை ஏன் முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும். போன வாரம் வந்தது என்கிறீர்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

நகல் வரட்டும் என்று இந்த மூன்று வாரத்தை விட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்கு நகல் வாங்க ஆகும் நாட்கள் கெடுக் கணக்கில் சேராது. விதி 13 மனுவுக்கு அந்தச் சலுகை இல்லை. கட்டைப் பார்த்ததும் மனுவைப் போட்டுவிட்டு நகலைப் பிறகு சேர்க்கலாம்.

30 நாளுக்குள் போட்டால் தாமத மன்னிப்பு மனு தேவையா? சட்டப்படி தேவையில்லை. ஆனால் கோர்ட் அலுவலகம் டிகிரி தேதியிலிருந்து எண்ணிப் பார்த்து மனுவைத் திருப்பி அனுப்பும், எதிர்த்தரப்பும் அதையே வாதாடும். அதனால் காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ன்படி தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்தே போடச் சொல்லும் வக்கீல்கள் அதிகம். நானும் போடச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. "தெரிய வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் தாமதம் இல்லை. வேறுவிதமாகக் கணக்கிட நேர்ந்தால் அந்தத் தாமதத்தை மன்னிக்க வேண்டும்" என்று இரண்டாவது நிலையாகத்தான் எழுத வேண்டும். வெறுமனே "இத்தனை நாள் தாமதத்தை மன்னியுங்கள்" என்று எழுதினால், சம்மன் சார்வானதை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

உங்கள் நிலை இல்லாத மற்றவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். சம்மன் வாங்கி, வக்கீல் வைத்து, வக்கீல் கவனிக்காமல் விட்டு டிகிரி ஆனவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கு டிகிரி தேதியிலிருந்து 30 நாள். தாண்டினால் பிரிவு 5 கட்டாயம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் 883 நாள் தாமதத்தை மன்னித்தது. தாமதத்தின் நீளம் பொருட்டல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதுதான் அளவுகோல் என்றது. இந்தத் தீர்ப்பை எல்லா மனுவிலும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த மனுதாரர், தன்னைக் கைவிட்ட வக்கீல் மேல் நுகர்வோர் மன்றத்துக்குப் போய் இழப்பீடே வாங்கியிருந்தார். அதைச் சொல்வாரில்லை. "வக்கீல் சொல்லவில்லை" என்ற ஒரு வரிக்கு இன்றைக்கு மதிப்புக் குறைவு. எந்த தேதியில் அவரிடம் கேட்டீர்கள், என்ன சொன்னார், எப்போது சந்தேகம் வந்தது, தெரிந்ததும் எத்தனை நாளில் வந்தீர்கள், இவையெல்லாம் வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் மருத்துவமனைச் சீட்டின் தேதியும் வாய்தா தேதியும் பொருந்த வேண்டும். மஞ்சள் காமாலை என்று எழுதாதீர்கள். நீதிபதிகள் அந்த நோயைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கிறார்கள்.

டிகிரி ஆவதற்கு முன்பே, எக்ஸ்பார்ட்டி என்று குறித்த நிலையிலேயே தெரிந்துவிட்டால் வேலை சுலபம். கட்டளை 9 விதி 7-ன்படி மனுப் போட்டு "நல்ல காரணம்" காட்டினால் போதும்.

உங்கள் மனுவுக்குத் திரும்புவோம். விதி 13-ல் நீதிமன்றம் பார்க்க வேண்டியது நீங்கள் ஏன் வரவில்லை என்பதைத்தான், கடன் உண்மையா என்பதை அல்ல. ஆனாலும் நீதிபதியும் மனிதர்தானே, சொல்ல ஏதாவது இருக்கிறதா, சும்மா இழுத்தடிக்கிறாரா என்று பார்க்காமல் இருக்கமாட்டார். அதனால் எதிருரையையும் (வழக்குக்கு உங்கள் எழுத்துப்பூர்வப் பதிலையும்) தயாராக்கி மனுவோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். அதில் 1,40,000 ரூபாய் போன தேதிகளும் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கட்டும். ரத்து ஆன பிறகு எதிருரைக்கு இன்னொரு வாய்தா, அதற்கு இன்னொரு காலம் என்று ஓடினால், கிடைத்த அனுதாபம் கரைந்துவிடும்.

விதி 14-ன்படி வாதிக்கு நோட்டீஸ் போகாமல் ரத்து செய்ய முடியாது. அவர் எதிர்மனுப் போடுவார், வாதம் நடக்கும், தேவைப்பட்டால் உங்களையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். மாதக்கணக்கில் ஆகும். அதுவரை இ.பி. நிற்காது. ரத்து மனு நிலுவையில் இருப்பதாலேயே நிறைவேற்றம் தானாக நின்றுவிடாது. அதற்குத் தனியாகத் தடை மனுப் போட வேண்டும். தடை கொடுக்கும்போது ஒரு பகுதியைக் கட்டச் சொல்வது வழக்கம்.

ரத்து உத்தரவிலும் அப்படித்தான். "செலவுத் தொகை, நீதிமன்றத்தில் பணம் செலுத்துதல் உள்ளிட்ட நிபந்தனைகள்" விதிக்கலாம் என்று விதியே சொல்கிறது. செலவுத் தொகையாகச் சில ஆயிரம், அல்லது வழக்குத் தொகையில் ஒரு பகுதி, இத்தனாம் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் மனு தள்ளுபடி ஆனதாகக் கொள்ளப்படும் என்று உத்தரவு வரும். இந்தத் தேதியில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெயித்துவிட்டோம் என்று ஊருக்குப் போய்விடுவார்கள். பணம் புரளவில்லை என்றால் கெடு முடிவதற்கு முன்பே போய் நீட்டிப்புக் கேளுங்கள். பிரிவு 148-ல் நீட்டிக்க இடம் இருக்கிறது, மொத்தம் 30 நாளுக்கு மேல் போகாமல். தொகை அளவுக்கு மீறியதாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு (கீழ்க் கோர்ட் உத்தரவைச் சரிபார்க்கும் மனு) கேட்கலாம். திண்டுக்கல் என்பதால் மதுரைக் கிளை.

ரத்து மனு தள்ளுபடியானால் கட்டளை 43 விதி 1-ன்படி மேல்முறையீடு உண்டு. தாமத மன்னிப்பு மனுவே தள்ளுபடியானால் சீராய்வு மனுவாக உயர் நீதிமன்றம் போவார்கள்.

ரத்து கேட்காமல் நேராக டிகிரிக்கு எதிராக மேல்முறையீடு போகலாமா? போகலாம். பிரிவு 96(2) எக்ஸ்பார்ட்டி டிகிரிக்கும் மேல்முறையீடு தருகிறது. மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். எதிரி வராததால் மட்டும் வாதி சொன்னதெல்லாம் உண்மையாகிவிடாது. புரோநோட்டையும் சாட்சியையும் பார்த்து, காரணம் சொல்லித்தான் தீர்ப்பு எழுத வேண்டும். "வாதித் தரப்புச் சாட்சி 1 விசாரிக்கப்பட்டார், வழக்கு நிரூபிக்கப்பட்டது, கோரியபடி தீர்ப்பு" என்ற ஒற்றை வரித் தீர்ப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. உங்கள் தீர்ப்பும் அப்படி இருந்தால் மேல்முறையீட்டில் நல்ல வாதம். ஆனால் முழு நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். நீங்கள் ஏன் வரவில்லை என்ற கதைக்கும் அங்கே இடம் குறைவு.

இரண்டையும் ஒரே சமயத்தில் போட சட்டத்தில் தடையில்லை. ஆனால் மேல்முறையீடு முதலில் முடிந்துவிட்டால், நீங்களே வாபஸ் வாங்கினால் ஒழிய, விதி 13 மனு அதோடு செத்துவிடும். மறுபக்கம், விதி 13 மனு தோற்றாலும் மேல்முறையீடு உயிரோடு இருக்கும், எக்ஸ்பார்ட்டி ஆக்கியது தவறு என்று மட்டும் அங்கே திரும்ப வாதாட முடியாது. 2005-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உங்களுக்கு என் யோசனை விதி 13. சார்வுக் கோளாறுதான் உங்கள் பலம், அதைப் பேச இடம் அதுதான்.

மூன்று வருடக் கேள்வி. புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம் என்பது சரி. 2018 ஜூன் என்றால் 2021 ஜூனில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 15.3.2020 முதல் 28.2.2022 வரை உள்ள காலத்தைக் கெடுக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. 2020 மார்ச் நடுவில் உங்கள் புரோநோட்டுக்கு இன்னும் ஏறத்தாழ 15 மாதம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம் 1.3.2022-லிருந்து ஓடும். ஆக 2023 மே கடைசி வரை அவர் வழக்குப் போட முடியும். ஏப்ரலில் போட்டிருக்கிறார். காலாவதி வாதத்தை நம்பி இறங்காதீர்கள். வேறு வலுவான வாதங்களின் நம்பகத்தன்மையையும் அது கெடுக்கும்.

ரத்து ஆனபின் உண்மையான சண்டை பணம் கொடுத்ததைப் பற்றித்தான். கையெழுத்தை ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 118-ன்படி பணம் கைமாறியது என்ற அனுமானம் அவர் பக்கம். திருப்பிக் கொடுத்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வங்கியில் போன 1,40,000 சாட்சி பேசும், "அது வேறு கடனுக்கு" என்று அவர் சொல்லலாம், அந்த வேறு கடன் எது என்று கேட்டால் பெரும்பாலும் திணறுவார். கையில் கொடுத்த 50,000-தான் சிக்கல். புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதாமல் கொடுத்த பணம் அது. வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். மிரட்டி அநியாய வட்டி வாங்கியிருந்தால் 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை, வலிந்து சேர்க்க வேண்டாம்.

இதற்கிடையில் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள் என்றால், டிகிரி ரத்தானதும் பிரிவு 144-ன்படி அதைத் திரும்பக் கேட்கலாம். வீடு ஏலத்துக்குப் போனால் நிலைமை வேறு. வாதியே ஏலம் எடுத்திருந்தால் திரும்பப் பெறலாம், சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் நல்லெண்ணத்தோடு எடுத்திருந்தால் அந்த விற்பனை பொதுவாகச் செல்லுபடியாகிவிடும். அதனால்தான் தடை மனுவைத் தள்ளிப் போடக் கூடாது என்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் கையில் இருப்பது கோர்ட் டிகிரிதானா என்றும் ஒருமுறை பார்க்க வேண்டும். நிதி நிறுவனக் கடன் என்றால், பல சமயம் அது நடுவர் தீர்ப்பாக (கோர்ட்டுக்கு வெளியே, ஒப்பந்தப்படி நியமித்த நடுவர் கொடுத்ததாக) இருக்கும். அதற்கு விதி 13 பொருந்தாது. 1996 நடுவர் சட்டம் பிரிவு 34-ன்படி மூன்று மாதம், போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. கடன் கொடுத்த நிறுவனமே தன்னிச்சையாக நடுவரை நியமித்திருந்தால் அதுவே பெரிய வாதம். 20 லட்சமோ அதற்கு மேலோ உள்ள வங்கிக் கடன், கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகும், அங்கே ரத்து மனு வேறு சட்டத்தின் கீழ். கட்டளை 37-ன் கீழ் சுருக்கமுறை வழக்காகப் போட்டிருந்தால் விதி 4, அதில் "தனிச் சூழ்நிலை" காட்ட வேண்டும். வராததற்குக் காரணம் சொன்னால் மட்டும் போதாது, எதிர்வழக்காடத் தகுந்த விஷயம் இருக்கிறது என்பதையும் அங்கேயே காட்டியாக வேண்டும்.

கடைசியாக, பேசி முடிக்கலாமா என்று கேட்பீர்கள். 1,90,000 போக நியாயமான மீதி இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றினால், தாராளமாகப் பேசலாம். ரத்து மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள், அப்போதுதான் அவருக்கும் பேச ஒரு காரணம் இருக்கும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அதுவே டிகிரிக்குச் சமம். வெளியே முடித்தால் ஒரு கண்ணி இருக்கிறது. டிகிரிக்குப் பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணத்தைக் கட்டளை 21 விதி 2-ன்படி பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்றும் நீதிமன்றம் அதைக் கண்டுகொள்ளாது. கணக்கு முடிந்தது என்று வாதி எழுதிக் கொடுத்த தாளை வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மூன்று வருடம் கழித்து அதே தொகைக்குப் புதிய இ.பி. வந்து நின்றவர்கள் உண்டு. பணம் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்யக் கேட்டு மனுப் போட வேண்டும். அவர் வக்கீல் கையில் கொடுத்தாலும் இதே கணக்குத்தான்.